மாதநாவல்காரரின் ஒரு நல்ல வாரம்: உழைப்பு, வடிவம், விமர்சனம்

1

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையில் வரும் முருகதாசர் விளம்பரம் எழுதிப் பிழைக்கிறார். என்றோ எழுதப்போகும் நாவலைப் பற்றிக் கனவு காண்கிறார். அன்றைய பொழுதை ஓட்டச் சில்லறை கடன் கேட்கிறார். தமிழில் எழுத்தாளன் என்றதுமே நம் நினைவுக்கு வருகிற சித்திரம் இதுதான். எழுத்தாளனின் கெட்ட நாள் இலக்கியமாகியிருக்கிறது, நியாயமாகவே ஆகியிருக்கிறது. ஆனால் எழுதிப் பிழைக்கிற ஒருவரின் நல்ல வாரம் எப்படியிருக்கும் என்று நாம் யாரும் கேட்டதில்லை. துப்பறியும் கதை, குடும்பக் கதை, பேய்க் கதை எழுதிச் சோறு தின்கிறவர், திங்களிலிருந்து சனி வரை மேஜையில் என்ன செய்கிறார்? எந்த வாரத்தை அவர் நல்ல வாரம் என்று சொல்வார்?

'இதெல்லாம் ஒரு கேள்வியா?' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வெகுஜன எழுத்து பற்றி நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக உள்ளன. ஒன்று, க.நா.சு. காலத்திலிருந்து வரும் பதில்: அது இலக்கியமல்ல, ஆகவே பேசத் தேவையில்லை. மற்றது பின்னாளில் வந்தது: உயர்வு, தாழ்வு என்ற பிரிவே அதிகாரத்தின் ஏற்பாடு, எல்லாமே பிரதிதான், ஆகவே மாதநாவலையும் கொண்டாடலாம். முதல் பதில் சரக்கைத் தூக்கித் தெருவில் எறிகிறது. இரண்டாவது அதே சரக்கை அலமாரியில் வைத்து ரசிக்கிறது. சரக்கைச் செய்த கையை இரண்டுமே பார்ப்பதில்லை. உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற சிறுபத்திரிகை விமர்சனம், தன் கண்ணெதிரே பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெரும் எழுத்துழைப்பைப் பற்றி மௌனம் சாதித்தது எப்படி? இக்கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

2

முதலில் வேகம் பற்றிய குற்றச்சாட்டைப் பார்த்துவிடலாம். 'வாரத்துக்கு ஒண்ணு எழுதித் தள்றான், அது எப்படிங்க இலக்கியம் ஆகும்?' என்பது நம்மிடையே சகஜமான பேச்சு.

கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980இல் மாலைமதியில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதியவை 1,500க்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1980இலிருந்து 2020 வரை நாற்பது வருஷம், அதாவது 2,080 வாரம். 1,500 என்றே வைத்துக்கொண்டாலும் நாற்பது வருஷமும் சராசரியாகப் பத்து நாளுக்கு ஒரு நாவல். இதில் சிறுகதைகளும் வாரத் தொடர்களும் சேரவில்லை. காய்ச்சல் வந்த நாள், கல்யாணத்துக்குப் போன நாள், சாவு வீட்டுக்குப் போன நாள் எல்லாம் இந்தப் பத்துக்குள் அடக்கம். ஒரு மாதநாவல் ஏறத்தாழ நூறு பக்கம் என்றால், ஒரு நாளைக்குப் பத்து அச்சுப் பக்கம். ஒரு நாள் எழுதாவிட்டால் மறுநாள் இருபது.

இந்த வேகம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஜார்ஜ் சிமெனோன் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் வீதம் எட்டிலிருந்து பதினொரு நாட்களுக்குள் ஒரு மெக்ரே நாவலை முடித்தார். நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிப்பார். இடையில் உடம்பு படுத்துவிட்டால் அந்த நாவலையே கைவிட்டுவிடுவார். ஆந்தனி ட்ரொல்லப் இங்கிலாந்துத் தபால் இலாகா ஊழியர். கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று எழுதி 47 நாவல்களை முடித்தவர். அவர் செத்த பிறகு 1883இல் வெளியான சுயசரிதையில் இந்தக் கணக்கைப் பச்சையாக எழுதியிருந்தார். படித்த கனவான்களுக்கு அது சகிக்கவில்லை. அவர் மதிப்பு சரிந்தது. நாவல்கள் மாறிவிடவில்லை, எழுதிய முறை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தஸ்தாயெவ்ஸ்கி 1866 அக்டோபரில் 'சூதாடி' நாவலைச் சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் வாய்மொழியாகச் சொல்லி 26 நாளில் முடித்தார். நவம்பர் முதல் தேதிக்குள் தராவிட்டால் ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுத்துகளைப் பைசா தராமல் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம்.

ஆக, வேகம் ஒரு பிரதியின் தரத்தைத் தானாகத் தீர்மானிப்பதில்லை. மெதுவாக எழுதப்பட்ட மோசமான நாவல்கள் நம் சிறுபத்திரிகைப் பதிப்பகங்களிலேயே போதுமான அளவுக்கு உண்டு. ட்ரொல்லப் விஷயத்தில் சமூகம் எதைத் தாங்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எழுத்து என்பது வேலை, அதற்கு மணிக்கணக்கும் கூலியும் உண்டு என்ற உண்மையை அது தாங்கவில்லை. நாமும் அந்த விஷயத்தில் விக்டோரியா காலத்துக் கனவான்களே.

3

மார்க்ஸ் 'உபரி மதிப்புக் கோட்பாடுகள்' குறிப்புகளில் இரண்டு எழுத்தாளர்களை எதிரெதிரே நிறுத்துகிறார். மில்டன், பட்டுப்புழு பட்டு நூற்பதுபோல, தன் இயல்பின் வெளிப்பாடாக 'இழந்த சொர்க்க'த்தை எழுதினார். பிறகு அதை ஐந்து பவுனுக்கு விற்றார். அது மூலதனத்துக்காகச் செய்யப்பட்ட உழைப்பல்ல. ஆனால் லைப்சிக் நகரில் பதிப்பாளர் சொற்படி புத்தகம் தயாரிக்கும் இலக்கியப் பாட்டாளியின் உழைப்பு தொடக்கத்திலிருந்தே மூலதனத்துக்கு உட்பட்டது, ஆகவே அது 'உற்பத்தித் திறனுள்ள' உழைப்பு. இதில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற தீர்ப்பு இல்லை. யார் எந்த உற்பத்தி உறவுக்குள் இருக்கிறார் என்பது மட்டுமே பேச்சு. நாம் மில்டனைப் பிடித்துக்கொண்டு லைப்சிக்காரரை மறந்துவிட்டோம்.

நான் வசிக்கும் அனகாபுத்தூரில் பட்டுப்புழுவைப் பற்றிப் பேசினால் உடனே தறியைப் பற்றியும் பேசியாக வேண்டும். இது நெசவாளர் ஊர். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று உலகம் அழைத்த கட்டம் போட்ட துணியை நைஜீரியாவுக்கு நெய்து அனுப்பிய ஊர். அந்நாட்டு அரசு இறக்குமதிக்குத் தடை போட்டதும், கடல் கடந்த ஒரு கையெழுத்தில் இங்கே தறிகள் ஓய்ந்தன. மிஞ்சியவர்கள் சேலைக்கு மாறினார்கள். சிலர் வாழைநார், சணல் என்று இயற்கை இழைகளுக்குப் போனார்கள். 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் குறைந்துவிட்டன.

இந்தக் கட்டுரைக்காகப் பக்கத்துத் தெருவில் இன்னமும் நெய்துகொண்டிருக்கும் பெரியவரிடம் கேட்டேன்: 'அண்ணே, உங்களுக்கு ஒரு நல்ல வாரம்னா என்ன?' நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: 'நூல் நேரத்துக்கு வந்துடணும், தம்பி. மழை வந்து குழியில தண்ணி நிக்கக் கூடாது. இழை அறுந்துக்கிட்டே இருக்கக் கூடாது. சனிக்கிழம காசு கைக்கு வரணும். இந்தப் பாவு முடியறதுக்குள்ள அடுத்த பாவு யாருதுன்னு தெரிஞ்சுடணும். வேற என்ன?'

ஐந்தே நிபந்தனைகள். இவற்றில் ஒன்றுகூட துணியின் அழகைப் பற்றியதல்ல. அழகைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டம் ஓர் இழை தப்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி நெய்கிறவர் அவர். அழகு வேலைக்குள்ளேயே இருக்கிறது. வாரத்தை நல்லதாக்குவதோ வேலைக்கு வெளியே உள்ள ஏற்பாடுகள்.

இதே ஐந்தையும் மாதநாவல்காரருக்குப் பொருத்திப் பாருங்கள். கரு கிடைக்க வேண்டும்: நாளிதழின் எட்டாம் பக்கச் செய்தி, யாரோ சொன்ன மருத்துவத் தகவல், ஒரு வழக்கு விவரம். குறுக்கீடு வரக் கூடாது. முடிச்சு அறுந்து எழுதிய முப்பது பக்கத்தைக் கிழித்துப் போடும்படி ஆகக் கூடாது. பணம் சொன்ன தேதிக்கு வர வேண்டும். அடுத்த மாதத் தலைப்பு இந்த மாத இதழின் பின்னட்டையில் விளம்பரமாகிவிட வேண்டும். கடைசி விஷயம் வேடிக்கையானது. தலைப்பும் அட்டைப்படமும் வெளியாகிவிட்டன, நாவல் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. சிறுபத்திரிகைக்காரருக்கு இது அவமானம். கூலிக்காரருக்கு இது அடுத்த பாவு.

பெரியவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, சொல்லத் தோன்றாததும் அதுதான். அவருக்குத் தார் சுற்றித் தருவது வீட்டுப் பெண்கள். கூலிக் கணக்கில் அந்த உழைப்புக்குத் தனி வரி கிடையாது. எழுத்திலும் அப்படித்தான். ட்ரொல்லப்பின் கைப்பிரதிகளைப் படியெடுத்துத் தந்தவர் மனைவி ரோஸ். தஸ்தாயெவ்ஸ்கியின் சுருக்கெழுத்தாளர் சில மாதங்களில் அவர் மனைவியாகி, பின்னர் அவர் புத்தகங்களுக்குப் பதிப்பாளருமானார். குறுக்கீடு இல்லாத ஒரு வாரம் எழுத்தாளருக்கு வாய்க்கிறதென்றால், அந்தக் குறுக்கீடுகளையெல்லாம் வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார் என்று பொருள். ஆண் எழுத்தாளரின் நல்ல வாரத்தைக் கணக்கிடும்போது அடுக்களையின் வாரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

4

உற்பத்தி முறை வடிவத்துக்குள் எப்படி இறங்குகிறது? வால்டர் பெஞ்சமின் 1934இல் வைத்த கேள்வி இது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், அந்த உறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொன்னார் அவர்.

ராஜேஷ்குமார் நாவலின் கட்டமைப்பு வாசகர்களுக்கு அத்துப்படி. இரண்டு தடங்கள். ஓர் அத்தியாயம் கோவையில், அடுத்தது சென்னையில். அங்கே ஒரு பிணம், இங்கே ஒரு கல்யாண ஏற்பாடு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல் மாறி மாறி ஓடி, கடைசிப் பக்கங்களில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இதை வாசகனைக் கட்டிப்போடும் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிடுவது அரைகுறைப் பார்வை. இது உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் சாதனமும்கூட என்பது என் வாசிப்பு. ஒரு தடம் முட்டிக்கொண்டு நின்றால் மற்றதை ஓட்டலாம். ஒவ்வொரு அத்தியாயமும் திடுக்கிடலில் அறுவதால், அடுத்த நாள் எங்கிருந்து தொடங்குவது என்ற பிரச்சினை எழுவதில்லை. வாசகனுக்கு வீசப்பட்ட கொக்கி எழுதுகிறவருக்கும் கைப்பிடியாகிறது. பழைய பாவின் இழை முனைகளோடு புதுப் பாவைப் பிணைப்பதுபோல நேற்றைய அத்தியாயத்தின் முனையில் இன்றையது பிணைகிறது.

நிரந்தரத் துப்பறியும் ஜோடிகளையும் இப்படியே பார்க்கலாம். சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. ஒவ்வொரு மாதமும் புதிய மனிதர்களைப் படைக்க நேரமில்லை. வாசகனுக்கும் அவர்களோடு பழக நேரமில்லை. தாம்பரத்தில் ஏறிக் கடற்கரையில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய புத்தகம் அது. ஆகவே அறிமுகம் தேவைப்படாத மனிதர்கள் வேண்டும். தமிழ்வாணனின் சங்கர்லால், அதற்கும் முன்னால் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் என்று இந்த மரபு நூறாண்டைத் தாண்டிவிட்டது. தறியில் பூட்டிய அச்சு மாதிரி இந்தப் பாத்திரங்கள். மாறுவது ஊடை மட்டும்.

இந்த வேலைக்கு ஒரு திறன் வேண்டும் என்பதைச் சொல்லவே இத்தனையும். இடமும் வானிலையும் நாலு வரிக்குள் வந்தாக வேண்டும். சந்தேகத்தை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். தகவலை வாசகன் கண்ணில் படும்படி வைத்து, அவன் கவனத்தை மட்டும் வேறு பக்கம் திருப்ப வேண்டும். இந்தக் கைவேலை நமக்கு வராது. வராத வேலையை மட்டமான வேலை என்று சொல்லிவிடுவது சுலபம்.

5

சரி, இப்படியெல்லாம் சொல்லிவிட்டு மாதநாவலைப் புகழ்ந்துவிட்டுப் போவதா? இல்லை. உழைப்பை மதிப்பது வேறு, உற்பத்தியானதன் கருத்தியலை விமர்சிப்பது வேறு. தோட்டா தயாரிக்கும் ஆலைத் தொழிலாளியின் கூலிக்காகப் போராடலாம், தோட்டாவுக்காக வாதாட வேண்டியதில்லை.

மாதநாவலில் குற்றம் என்பது எது? ஒரு பங்களா, ஓர் உயில், ஒரு கள்ள உறவு, ஒரு விஷம். குற்றம் எப்போதும் தனிமனிதனுடையது. அவனுக்கு ஒரு பெயர் உண்டு, நூறாவது பக்கத்தில் அது தெரிந்துவிடும். தெரிந்ததும் உலகம் பழையபடி சரியாகிவிடும். போலீஸ் அதிகாரி பெரும்பாலும் நல்லவர், சட்டம் தாமதமானாலும் நியாயமானது. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. தலைமுறையாக இருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நின்றார்கள். இதே ஆற்றை ஒட்டி எழும்பிய பெரிய கட்டடங்களைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. இதற்கு எந்த விவேக்கைக் கூப்பிடுவது? கத்தி இல்லை, கைரேகை இல்லை, கோப்பு மட்டும்தான் இருக்கிறது. கோப்பில் கொலையாளியைத் தேடும் இலக்கணம் நம் துப்பறியும் கதைக்கு இன்னும் கைவரவில்லை. அப்படி ஒரு கதை ஓடாது என்றும் சொல்ல முடியாது. 1960களில் ஸ்வீடனில் மாய் ஷோவாலும் பெர் வாலூவும் பத்து போலீஸ் நாவல்களை ஒரே திட்டமாக வகுத்து, நலவாழ்வு அரசின் பின்பக்கத்தைக் காட்ட அந்த வடிவத்தையே பயன்படுத்தினார்கள். அவை நன்றாகவே விற்றன.

பெண் விஷயம் இன்னும் வெளிப்படையானது. பரத்-சுசீலா நாவல்களில் சுசீலா எந்த டீ-ஷர்ட் போட்டிருக்கிறாள், அதில் என்ன வாசகம் அச்சாகியிருக்கிறது என்பது ஒரு நிரந்தர அங்கம். வசந்தின் 'ஜோக்'குகளும் அதே வகை. துப்பறியும் நிறுவனத்தில் அவள் வேலை செய்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், துப்பாக்கியும் பிடிக்கிறாள். ஆனால் பிரதியின் கண் அவள் மார்பை விட்டு நகர மறுக்கிறது. எண்பதுகளில் வேலைக்குப் போகத் தொடங்கிய நடுத்தர வர்க்கப் பெண்ணைப் பற்றி ஆணுக்கிருந்த கிளுகிளுப்பையும் பயத்தையும் இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆவணம் இல்லை. மறுபக்கம் ரமணிசந்திரன் நாவல்களைப் பெண்கள் ஏன் அவ்வளவு ஆசையோடு படித்தார்கள் என்ற கேள்வியையும் நாம் ஒழுங்காகக் கேட்கவில்லை. 'பிற்போக்கு' என்று முத்திரை குத்திவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

கிராம்ஷி சிறையில் உட்கார்ந்து தொடர்கதைகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். இத்தாலிய வாசகர்கள் ஏன் பிரெஞ்சுத் தொடர்கதைகளைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்டு, நம் அறிவாளிகள் மக்களிடமிருந்து பிரிந்து நிற்பதால் என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டார். சாகசக் கதையின் கவர்ச்சிக்கு அவர் காட்டிய காரணம் முக்கியமானது. உழைப்பவர் வாழ்க்கையில் சாகசம் குறைவு என்பதல்ல, கூடிவிட்டது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாத அசிங்கமான சாகசம் அது. அதற்கு ஈடாக அவர் ஓர் அழகான சாகசத்தை, தானே தேர்ந்தெடுத்த சாகசத்தை விரும்புகிறார். நைஜீரியாவில் போட்ட கையெழுத்தால் தறி நின்றுபோன ஒருவர், முடிவில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணமும் ஒரு காரணகர்த்தாவும் இருக்கும் கதையை வாசிக்கிறார். இதில் ஏமாறுவதும் உண்டு, நியாயமான ஓர் ஆசையும் உண்டு. யாரால் எனக்கு இது நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. அந்த ஆசைக்குத் தவறான பதிலை மாதநாவல் தந்தது. நாம் பதிலே தரவில்லை.

6

இனி உடைமை பற்றி. தறி யாருடையது?

இந்த மரபின் தொடக்கத்தில் ஒரு பெண் தன் தறியைத் தானே வைத்திருந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர். பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தன் கைக்குக் கொண்டுவந்து அதை நடத்தியபடியே 115 நாவல்கள் எழுதினார். இடையில் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். இவர் நாவல்களை இலக்கிய வரலாறு எப்படி மதிப்பிட்டாலும், எழுதுகிறவரே உற்பத்திச் சாதனத்தைக் கைப்பற்றிய நிகழ்ச்சி என்ற வகையில் இதைப் படிக்க வேண்டும். தமிழ்வாணனும் எழுத்தோடு பதிப்பகத்தையும் கையில் வைத்திருந்தார்.

எண்பதுகளின் மாதநாவல் வேறொரு ஏற்பாடு. குமுதம் குழுமத்தின் மாலைமதி, தினத்தந்தி குழுமத்தின் ராணி முத்து, ஜி. அசோகனின் பாக்கெட் நாவல், க்ரைம் நாவல். இங்கே எழுத்தாளர் பெயரே முத்திரை, அதுவே மூலதனமும். பெயர் எவ்வளவு உறுதியில்லாத சொத்து என்பதற்கு உருது எழுத்தாளர் இப்னே சஃபி உதாரணம். 1952இலிருந்து 'ஜாசூசி துனியா' வரிசையை மாதாமாதம் எழுதியவர், 1960இல் மனநலம் குன்றி மூன்று வருஷம் எழுத முடியாமல் போனார். அந்த இடைவெளியில் அவர் பெயரை ஒத்த பெயர்களில் போலிகள் சந்தையை நிரப்பின. 1963இல் அவர் திரும்பி வந்து எழுத வேண்டியிருந்தது. கூலிக்காரருக்கு நோய் விடுப்பு கிடையாது என்பதை இதைவிட அப்பட்டமாகச் சொல்ல முடியாது.

தொலைக்காட்சி வந்ததும் மாதநாவலின் வாசகத் தளம் கரைந்தது. எழுதியவர்களில் சிலர் அதன் பின்னாலேயே போனார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' தொண்ணூறுகளில் சன் டிவியில் ஓடியது. சுபா இரட்டையர் 'அயன்' (2009), 'கோ' (2011) எனத் திரைக்கதைக்கு நகர்ந்தார்கள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் கே. சக்ரவர்த்தி மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டது. நாம் செய்யாத வேலையை அவர்கள் செய்தார்கள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆங்கில வாசகர்களில் பலருக்கு அந்த அட்டைப்படங்களின் வினோதமே போதுமானதாக இருந்தது.

இன்று களம் கைபேசி. 2016 இறுதியிலிருந்து கிண்டிலில் தமிழில் நேரடியாக நூல் வெளியிடலாம். அதன் சந்தா முறையில் எழுத்தாளருக்குப் பணம் புத்தகத்துக்கு இவ்வளவு என்று வருவதில்லை, வாசகர் புரட்டிய பக்கத்துக்கு இவ்வளவு என்று வருகிறது. பக்கக் கூலி! இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களில் கணிசமானோர் ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்த பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாளுக்கோர் அத்தியாயம் ஏற்றுகிறவர்கள். பழைய முதலாளியிடம் சண்டையாவது போடலாம். 'அண்ணாச்சி, போன மாசக் காசு இன்னும் வரல' என்று வாசலில் போய் நிற்கலாம். இப்போது வாசலே இல்லை. ஒரு பக்கத்தின் விலை இந்த மாதம் ஏன் குறைந்தது என்று யாரிடம் கேட்பது?

இங்கே சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று எழுதியிருக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்த எல்லைக்கு என்று எழுதியிருக்காவிட்டால் இந்தியா மட்டும். 'நாவலுக்கு மொத்தமா ஒரு தொகை குடுத்தாச்சே, எல்லாம் எங்களுது' என்ற வாய்ப்பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. 2012 திருத்தம் திரைப்படத்தில் பயன்படும் எழுத்துக்கு, படம் திரையரங்குக்கு வெளியே ஈட்டும் வருவாயில் பங்கு உண்டு என்றும், அந்த உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தர முடியாது என்றும் சொல்கிறது. மாதநாவல்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால் இதை எல்லோரும் அறிந்திருப்பார்கள். முற்போக்கு எழுத்தாளர் அமைப்புகள் நம்மிடம் உண்டு. இவர்களை உறுப்பினராகக் கூப்பிட வேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றியதா?

7

கடைசியாக நம்மைப் பற்றி. நல்ல வாரம் என்ற கேள்வியைச் சிறுபத்திரிகைக்காரரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? 'வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயித்துக்கிழமைதான் எழுத்து.' வங்கி, கல்லூரி, தபால்துறை, தாலுகா அலுவலகம் ஆகியவற்றின் சம்பளத்தில்தான் நவீன தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது. சந்தைக்குப் பணியாத எழுத்து என்று நாம் பெருமைப்படுவதன் பின்னால் முதல் தேதி சம்பளம் இருக்கிறது. அந்தச் சம்பளம் யாருக்கெல்லாம் எந்தத் தலைமுறையில் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கில் சாதி இருக்கிறது. சந்தையை மறுப்பதற்கும் வசதி வேண்டும். அந்த வசதி இல்லாதவர், எழுத மட்டுமே தெரிந்தவர், எங்கே போவார்? முருகதாசர் விளம்பரம் எழுதப் போனார். இன்னொருவர் க்ரைம் நாவல் எழுதப் போகிறார். முதலாமவருக்கு நாம் கண்ணீர் விடுகிறோம், இரண்டாமவரைக் கேலி செய்கிறோம்.

எழுதியவருக்கு ஒரு பைசாவும் தராத பத்திரிகைகள் நம்முடையவை. தர முடியாது என்பது உண்மை. அச்சுக்கூலியே கைக்காசு. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எழுத்துக்குக் கூலி என்ற பேச்சையே அசிங்கமாக ஆக்கிவைத்தோமே, அது இல்லாமைப் பிரச்சினையல்ல. அது ஒரு மதிப்பீடு. கலை தூய்மையானது, காசு தீட்டு என்ற பழைய சனாதன மதிப்பீடு சிறுபத்திரிகையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

செய்ய வேண்டிய வேலைகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று, எழுதிப் பிழைத்தவர்களின் வாழ்வையும் வரவு செலவையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்வது. பலர் போய்விட்டார்கள். பாலகுமாரன் 2018இலும் இந்திரா சௌந்தர்ராஜன் 2024இலும் இறந்தார்கள். இருப்பவர்களைக் கேட்க வேண்டும். இரண்டு, மாதநாவல்களைச் சேகரிப்பது. எடைக்குப் போன தாள் திரும்பி வராது. ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிரு இடங்களை மட்டும் நம்பியிருக்க முடியாது. மூன்று, இந்தப் பிரதிகளை உண்மையாகவே படித்து, எது நல்ல துப்பறியும் நாவல், எது மோசமானது என்று உள்ளிருந்தே தரம் பிரிப்பது. வெளியே நின்று மொத்தமாக நிராகரித்ததால், இந்தத் துறைக்குள் நன்றாக எழுதியவருக்கும் ஒப்பேற்றியவருக்கும் நாம் ஒரே மதிப்பெண் போட்டோம். நன்றாக எழுதினால் கவனிக்க ஆள் உண்டு என்று தெரியாத இடத்தில் யார்தான் சிரமப்பட்டு எழுதுவார்? மாதநாவலின் தரம் வீழ்ந்ததில் பதிப்பாளருக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு விமர்சகருக்கும் உண்டு.

நான்காவது, பக்கக் கூலிக்கு எழுதிக்கொண்டிருக்கும் இன்றைய எழுத்தாளர்களோடு பேசத் தொடங்குவது. அவர்கள் நம் வாசகர்கள் அல்ல, நாம் அவர்கள் வாசகர்களும் அல்ல. அதனால் என்ன? கூலி பற்றிப் பேச, ஒருவர் எழுத்து மற்றவருக்குப் பிடித்திருக்க வேண்டும் என்ற விதி எந்தத் தொழிற்சங்கத்திலும் இல்லை.